ஸ்ட்ராண்ட்ஹில்லில் மூன்று நாள்: கோனி தீவுக்குப் பிள்ளைகளோடு நடந்து போகலாமா?

கேள்வி

செப்டம்பர் நடுவில் அயர்லாந்தின் ஸ்லைகோ பக்கம், ஸ்ட்ராண்ட்ஹில்லில் மூன்று நாள் தங்குகிறோம். பிள்ளைகளுக்கு 8, 11 வயது. கார் இல்லை, டப்ளினிலிருந்து ரயில், ஸ்லைகோ நகரிலிருந்து பேருந்து. கடல் குளியல், நாக்நரே மலை, கோனி தீவு மூன்றுக்கும் ஆசை. எதை எந்த நாள் வைக்கலாம்?

பதில் 1

முதலில் தீவுக்கு நாள் குறியுங்கள், மற்றவை தானாக அமையும். கம்மீன் மணல்வெளியில் கடல் வற்றும்போதுதான் தீவுக்கு வழி திறக்கும். வழிகாட்ட 14 கல் தூண்கள் நிற்கின்றன. அவற்றை ஒட்டியே நடக்க வேண்டும். குறுக்கே போனால் சேற்றிலும் ஓடைகளிலும் மாட்டிக்கொள்வீர்கள்.

ஸ்லைகோவுக்கான ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறி வற்றும் நேரப் பட்டியலைப் பாருங்கள். சில அட்டவணைகள் கிரீன்விச் நேரத்தில் இருக்கும். செப்டம்பரில் அயர்லாந்துக் கடிகாரம் அதைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். அதைக் கூட்டாமல் விட்டால் கணக்கு முழுக்கத் தப்பிவிடும். வற்றம் முடிவதற்கு முன்பே போய்ச் சேர்ந்து, நீர் திரும்பும் நேரத்துக்குள் திரும்பக் கிளம்பிவிடுங்கள். ஏற்றத்தின் முதல் மணி நேரத்தில் நீர் மெதுவாகத்தான் வரும், அதை நம்பித்தான் பலர் தாமதிக்கிறார்கள். மூன்றாம், நான்காம் மணி நேரத்தில்தான் வேகம் உச்சம். பள்ளமான ஓடைகள் முதலில் நிரம்புவதால், நிற்கும் இடம் காய்ந்திருந்தாலும் பின்னால் வழி அடைபட்டிருக்கும். நேரம் தவறிவிட்டால் தண்ணீரில் இறங்காதீர்கள், தீவிலேயே இருங்கள். ஒரு வற்றத்துக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். ஆபத்தென்றால் 112-ஐ அழைத்துக் கடலோரக் காவலைக் கேளுங்கள்.

பதில் 2

ஸ்ட்ராண்ட்ஹில் கடற்கரையில் குளிக்கக் கூடாது. தடை அறிவிப்பே இருக்கிறது, காரணம் இழுவை நீரோட்டம். அலைகளுக்கு நடுவே நுரையில்லாமல் அமைதியாகத் தெரியும் பட்டைதான் பெரும்பாலும் ஆளை உள்ளே இழுக்கும் இடம். அது அலைச்சறுக்குக் கடல். பயிற்றுநரோடு, மென்பலகையோடு, வெட்சூட்டும் (குளிர் தாங்கும் நீருடை) போட்டுப் பிள்ளைகள் கற்கலாம். வெறும் குளியலுக்கு ராசஸ் பாயிண்ட் கடற்கரை, அதுவும் உயிர்காப்பாளர் பணியில் இருக்கும் நேரம் பார்த்து.

சறுக்கி முடித்ததும் ஊரிலேயே கடற்பாசிக் குளியல் இருக்கிறது: சூடான கடல்நீரில் பாசியைப் போட்ட தொட்டி. பாசியின் கொழகொழப்பில் தொட்டி வழுக்கும், பிள்ளைகளைக் கைபிடித்து இறக்குங்கள்.

பதில் 3

நாக்நரேயின் உயரம் 327 மீட்டர். ஊர்ப் பக்கத்திலிருந்தே பாதை ஏறுவதால் கார் தேவையில்லை. செங்குத்தான இடங்களில் மரப்பலகை நடைபாதை உண்டு, மழையில் அது வழுக்கும். உச்சி மேகத்தில் மூடியிருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். மேலே ஐரிஷ் பழங்கதைகளில் வரும் மேவ் ராணியின் பெயரிலான கல்மேடு, 10 மீட்டர் உயரம், 55 மீட்டர் அகலம், ஏறத்தாழ 5,000 ஆண்டுப் பழமை. இன்னும் அகழாத கல்லறை அது. மேலே ஏறினால் கற்கள் சரிந்து மேடு கலைகிறது. சுற்றி நடந்தாலே போதும். தயவுசெய்து பிள்ளைகளை ஏற விடாதீர்கள்.

கேட்டவர்

நன்றி. எங்கள் நாட்களில் அமாவாசை வருகிறது. தீவுக்கு அது கெடுதலா?

பதில் 1

நல்லதே, கவனம் மட்டும் கூடுதலாக வேண்டும். அங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வற்றம் நண்பகல் வாக்கில் வரும், பகலிலேயே போய்த் திரும்பலாம். ஆனால் பகலும் இரவும் சமமாகும் செப்டம்பர் சம இரவு நாளை ஒட்டிய ஓதம் ஆண்டிலேயே பெரிய ஓதங்களில் ஒன்று. மணல் வெகுதூரம் காயும், நீரும் அதே வேகத்தில் திரும்பும். நாளுக்கு நாள் வற்றம் தள்ளிப்போவதால், அன்றன்றைய நேரத்தைப் பார்த்தே கிளம்புங்கள்.