வண்டியை ஏலத்தில் விடலாம், ஓட்டுநரையும் விடலாமா?

வண்டி ஒதுக்குபவர்

அனைவருக்கும் வணக்கம். நாற்பது லாரிகள் ஓடும் ஒரு நிறுவனத்தில், எந்த லோடுக்கு எந்த வண்டி, எந்த ஓட்டுநர் என்று முடிவு செய்யும் பொறுப்பில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். ஒரு வாரம் பத்து வண்டிகள் வேலையின்றி நிற்கின்றன. அடுத்த வாரமே வண்டி போதாமல் வந்த லோடைத் திருப்பி அனுப்புகிறோம். எங்கள் வண்டிகள் நிற்கும் அதே நாளில் வேறொரு நிறுவனம் வண்டிக்கு அலைந்துகொண்டிருக்கும், ஆனால் அது எங்களுக்குத் தெரிவதில்லை. ஆகவே, சும்மா நிற்கும் வண்டியை ஓட்டுநரோடு சேர்த்து இணையத்தில் பதிவிட்டு, தேவைப்படும் நிறுவனங்கள் ஏலம் கேட்கும் பொது ஏற்பாடு வேண்டும் என்கிறேன். வண்டியையும் லோடையும் இணைத்துவைப்பது புதிய எண்ணம் அல்ல. லோடு தேடும் லாரிக்காரர்களுக்காக ‘டயல்-எ-டிரக்’ என்ற சேவை அமெரிக்காவின் போர்ட்லாந்தில் ஒரு லாரி நிறுத்துமிடத்தில் 1978ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது.

முன்னாள் ஓட்டுநர்

ஐயா, நீங்கள் சொல்லும் 1978ஆம் ஆண்டுச் சேவையில் லாரிக்காரர் தாமாக லோடு தேடினார். உங்கள் ஏற்பாட்டில் ஓட்டுநரே பதிவேறும் பொருளாகிறார். இரண்டும் ஒன்றல்ல.

என்னை ஒருமுறை வேறொரு நிறுவனத்துக்கு இரவலாக அனுப்பினார்கள். காலையிலிருந்து எங்கள் வண்டியில் எட்டு மணி நேரம் ஓட்டிவிட்டு, மாலையில் அங்கே போய் நின்றேன். அவர்கள் ஏட்டில் என் பெயருக்கு எதிரே அன்றைய ஓட்டம் சுழியம் என்று இருந்தது; அவர்களைப் பொறுத்தவரை என் நாள் அப்போதுதான் தொடங்குகிறது. ஏறிய வண்டியும் பழகாத வண்டி. கிளட்சை ஏறக்குறைய முழுவதும் விட்ட பிறகுதான் பிடித்தது, பிரேக்கோ காலை வைத்த உடனே கவ்வியது. பின்னால் ஏற்றியிருந்த பாரம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்கவும் நேரம் தரவில்லை. நள்ளிரவு தாண்டி ஓர் இறக்கத்தில் கண் செருகியதை உணர்ந்து ஓரம் கட்டினேன். வண்டி நின்ற பிறகும் கை நடுக்கம் அடங்கவில்லை. நன்றாக உறங்கி எழுந்த ஓட்டுநரையும் எட்டு மணி நேரம் ஓட்டிவந்தவரையும் உங்கள் திரை எப்படி வேறுபடுத்தும்?

வண்டி ஒதுக்குபவர்

உங்களுக்கு நேர்ந்தது அநியாயம். ஆனால் அதற்குக் காரணம் இரவல் கொடுத்ததா, கணக்கு கூடவே வராததா என்று எண்ணிப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2006 மே முதல் புதிய கனரக வண்டிகளில், ஓட்டிய நேரத்தையும் ஓய்வையும் பதிவுசெய்யும் மின்னணு டேக்கோகிராஃப் கருவி கட்டாயம். அதில் செருகும் அட்டை ஓட்டுநரின் பெயரில் வழங்கப்படுகிறது. எந்த நிறுவனத்தின் வண்டியில் ஏறினாலும் முன்பு ஓட்டிய நேரம் அவரோடு வந்துவிடும். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு, பொதுவாக நாளுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்ற வரம்புகள் முதலாளி மாறினாலும் மாறுவதில்லை. எஞ்சிய நேரம் போதாத ஓட்டுநரின் பெயர் ஏலத்தில் தோன்றவே கூடாது என்று விதி செய்துவிடலாம்.

காப்பீட்டுப் பிரிவு

நேரக் கணக்கு மட்டும் போதாது. விபத்து நடந்தால் யார் பொறுப்பு? லிவர்பூல் துறைமுக வாரியம் ஒரு பளுதூக்கியை அதன் இயக்குநரோடு சரக்கேற்றும் நிறுவனம் ஒன்றுக்கு வாடகைக்குக் கொடுத்தது. அவர் கவனக்குறைவால் ஒருவர் காயமடைந்தார். வாடகைக் காலத்தில் இயக்குநர் வாடகைக்கு எடுத்தவரின் பணியாளர் என்றே ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. இருந்தும் 1946இல், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை, நிரந்தர முதலாளியான வாரியமே பொறுப்பு என்றது. எதைத் தூக்க வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் வாடகைதாரருக்கு இருந்தது, கருவியை எப்படி இயக்குவது என்று சொல்லும் அதிகாரம் இருக்கவில்லை என்பதே காரணம். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்றாலும், ஏலத்தில் ஒரு பொத்தானை அழுத்தியதும் பொறுப்பு கைமாறிவிட்டது என்று எவரும் நம்பிவிட வேண்டாம். ஓட்டுநர் பெயரும் வண்டி எண்ணும் பயண நாளும் குறித்த காப்பீட்டு உறுதி கைக்கு வரும்வரை வண்டி வாசலைத் தாண்டக் கூடாது.

ஏல முறை படித்தவன்

ஏலம் நடக்கும் விதத்தையும் பார்க்க வேண்டும். வண்டி தேவைப்படுபவர் பயணத்தைப் பதிவிட்டு, மற்றவர்கள் விலையைக் குறைத்துக்கொண்டே போகும் தலைகீழ் ஏலமாக இது மாறினால், பெரும்பாலும் செலவைக் குறைவாக மதிப்பிட்டவரே வெல்வார். சரக்கு இறக்கக் காத்திருக்கும் நேரத்தை மறந்தவர் அவராக இருக்கலாம். அந்த இழப்பை ஈடுகட்ட ஓய்வு நேரத்தில்தான் கை வைப்பார்கள். 1961இல் பொருளியலாளர் வில்லியம் விக்ரி விளக்கிய மூடிய ஏலம் இதற்கு ஓரளவு மருந்து. எல்லோரும் ஒரே முறை மறைவாக விலை சொல்ல, குறைவாகக் கேட்டவருக்கு வேலையும், அவருக்கு அடுத்தபடியாகக் கேட்டவரின் விலையும் கிடைக்கும். உண்மைச் செலவைச் சொல்வதால் எவருக்கும் நட்டமில்லை. ஆனால் மூன்றே நிறுவனங்கள் சேர்ந்த ஏலத்தில் அவர்கள் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டால் இதுவும் பயன்படாது.

முன்னாள் ஓட்டுநர்

அட்டையையும் காப்பீட்டையும் ஏற்கிறேன். ஆனால் ‘இந்தப் பயணம் வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை ஓட்டுநருக்கு எழுத்தில் இருக்க வேண்டும். அப்படிச் சொன்னதற்காக அடுத்த வாரம் அவருக்கு வண்டி ஒதுக்காமல் விடவும் கூடாது. வண்டியைக் கைமாற்றும்போது பிரேக், டயர், பாரக் கட்டு ஆகியவற்றை ஓட்டுநர் தானே பார்த்துக் கையொப்பமிட அரை மணி நேரம் தர வேண்டும், அதற்கும் கூலி உண்டு.

வண்டி ஒதுக்குபவர்

அரை மணி நேரத்தை இன்றே சேர்த்துக்கொள்கிறேன். மறுக்கும் உரிமையையும் ஏற்கிறேன். ஆனால் ஓட்டுநர் மறுத்தால் வண்டி மட்டும் போகட்டும் என்று எங்கள் முதலாளி சொல்வார். பழகாத கைகளில் எங்கள் வண்டியைக் கொடுக்க எனக்கு மனம் இல்லை. அதற்கு வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

முன்னாள் ஓட்டுநர்

உங்களுக்கு மனம் இல்லாத அதே காரணத்தால்தான் பழகாத வண்டியில் ஏற எங்களுக்கும் மனம் வருவதில்லை. ஓட்டுநர் மறுத்தால் வண்டியும் போகக் கூடாது என்று எழுதிவிடுங்கள். அந்த ஏலத்தில் என் பெயரையும் தருகிறேன்.