18ஆர் கொரோனாவுக்கு வேற கன்வேட்டர், பெல் ஹவுசிங் மூடுதில்ல

உப்புவெளி கொரோனா:
வணக்கம் எல்லாருக்கும். அப்பாட பழைய டொயோட்டா கொரோனா, 18ஆர் இன்ஜின், 1968 சிசி, ஓட்டோ கியர், கியர் பெட்டித் தகட்டில ஏ40 எண்டு இருக்கு. கொஞ்ச நாளா காருக்குக் கீழ ஒயில் குளம், கோணேசர் கோயில் ஏத்தத்தில டி போட்டா இன்ஜின் கத்துது கார் நகருதில்ல. கழட்டிப் பாத்தா முன் சீல் போயிட்டுது, டோர்க் கன்வேட்டர்ட (இன்ஜின் சுத்தை ஒயிலால கியர் பெட்டிக்குக் கடத்துற சாமான்) கழுத்தில நகத்தால தடவினா கொழுவுற அளவுக்கு ஒரு வளையம் தேஞ்சு கிடக்கு. பஞ்சிகாவத்தையில ஒரு கடையில டீசல் ஹைஏஸ்ல கழட்டினதெண்டு ஒரு கன்வேட்டர் தந்தாங்க, "டொயோட்டா எல்லாம் ஒண்டுதான் தம்பி" எண்டு. போல்ட் ஓட்டை என்னவோ சரியா வருது. ஆனா பெட்டிய ஏத்தினா பெல் ஹவுசிங்குக்கும் (கன்வேட்டரை மூடுற பெட்டிட முன் கூடு) இன்ஜினுக்கும் நடுவில ஒரு விரல் மொத்தம் இடைவெளி நிக்குது. கராஜ் அண்ணை சொல்லுறார் சுத்திவர போல்ட்டைப் போட்டு இறுக்கினா வந்திடும் எண்டு. எனக்குப் பயமா இருக்கு. இறுக்கலாமா?

பழைய இரும்பு:
தம்பி ஸ்பேனரைக் கீழ வையும் முதல்ல. போல்ட்டால இழுத்து மூடினா உடையிறது ஒயில் பம்ப். நான் 90களில ஒண்டை அப்பிடி உடைச்சவன், ஸ்டார்ட் பண்ணினோடன கறகற எண்டு ஒரு சத்தம், அவ்வளவுதான், பெட்டி முழுக்க இரும்புத் தூள்.

விரல் மொத்தம் நிக்குதெண்டா அநேகமா கன்வேட்டர் முழுசா உள்ள போகேல்ல. அது மூண்டு இடத்தில கொழுவோணும், ஸ்டேட்டர் பல்லு, டேர்பைன் பல்லு, கடைசியா பம்ப் காது. கன்வேட்டருக்குள்ள ஒரு லீட்டர் ஒயில் விட்டிட்டு, பெட்டியில வச்சு ரெண்டு கையாலயும் உள்ளுக்கு அமத்திக்கொண்டே சுத்தும், டொக் டொக் எண்டு இறங்கும், மூண்டாவது டொக் கேக்காம இன்ஜின் பக்கம் போகாதயும். பிறகு பெல் ஹவுசிங் முகத்தில நேரான கம்பியை வச்சு கன்வேட்டர் போல்ட் முகம் எவ்வளவு ஆழத்தில இருக்கெண்டு அளவும். பிளெக்ஸ் பிளேட், அதுதான் கன்வேட்டரைப் பூட்டுற இன்ஜின் பக்கத் தகடு, இன்ஜின் முகத்தில இருந்து எவ்வளவு வெளிய நீட்டுதெண்டும் அளவும். ஆழத்தில இருந்து நீட்டலைக் கழிச்சா 3 மில்லிமீட்டர் சொச்சம் மிஞ்சோணும். மைனஸ் வந்தா அந்தக் கன்வேட்டர் உம்மட காருக்கில்ல, ஆர் என்ன சொன்னாலும்.

சீனன்குடா பொடியன்:
மெனுவல் கியரை மாத்துங்க மச்சான் தலையிடி இல்ல 😀

லேத்காரன்:
மெனுவல் மாத்துறதெண்டா பெடல், கிளச், பிளைவீல், ஷாப்ட் எல்லாம் தேடோணும் பொடியன், அது என்ன லேசே.

உப்புவெளி, அந்த ஹைஏஸ் பெட்டிட நம்பர் கடையில கேட்டீங்களா? டொயோட்டாவில ஏ40க்குப் பின்னால டி வந்தா ஓவர்டிரைவ் (மேல ஒரு கூடின கியர்), எல் வந்தா லொக்கப் (கன்வேட்டருக்குள்ளயே பூட்டிப் பிடிக்கிற கிளச்). லொக்கப் கன்வேட்டரெண்டா உள்ள ஒயில் ஓடுற வழியே வேற, உங்கட பெட்டிக்குச் சரிவராது. அதோட டீசலுக்குச் செஞ்ச கன்வேட்டர் கீழ் ஆர்பிஎம்மிலேயே இன்ஜினைப் பிடிச்சு அமத்தும், 18ஆர் கொஞ்சம் சுத்தினாத்தான் இழுக்கிற சாமான். அளவு சரிவந்தாலும் கோயில் ஏத்தத்தில பழையபடி தவழும். எந்தக் கன்வேட்டரெண்டாலும் முன் மூக்கு இன்ஜின் கிராங்க் ஓட்டையில ஆட்டமில்லாம இருக்கோணும், கழுத்தில ஆட்டம் அளக்கிற டயல் கேஜ் வச்சுச் சுத்தினா 0.30 மில்லிமீட்டருக்கு மேல ஆடப்படாது, ஆடினா புது சீலும் ரெண்டு கிழமைதான்.

என்னைக் கேட்டா பழையதையே பாருங்க. கழுத்தை வெட்டி வேற வெல்ட் பண்ணி பலன்ஸ் பண்ணலாம், கொழும்புக்கு அனுப்போணும், காசு போகும். அதுக்கு முதல் ஒரு சின்ன வேலை இருக்கு. தேஞ்ச வளையத்தின்ட விளிம்பை ஈரமான 600 நம்பர் சாண்ட் பேப்பரால மினுக்கிப்போட்டு, புது சீலை அடியில முட்டுற வரைக்கும் அடிக்காம 2 மில்லிமீட்டர் வெளிய நிப்பாட்டுங்க. சீல் உதடு தேயாத இடத்தில போய் இருக்கும். உள்ளுக்கு ஆழமா மட்டும் அடிச்சிடாதீங்க, சீலுக்குப் பின்னால ஒயில் திரும்பிப் போற ஓட்டை ஒண்டு இருக்கு, அது அடைபட்டா சீலே பிச்சுக்கொண்டு வெளிய வரும்.

உப்புவெளி கொரோனா:
அண்ணைமார், நன்றி. பழைய இரும்பு அண்ணை சொன்னபடி அமத்திச் சுத்தினன், மூண்டாவது டொக் கேட்டுது, கராஜ் அண்ணையும் வாயைப் பொத்திட்டார். ஆனா அளந்தா ஆழம் 12, பிளெக்ஸ் பிளேட் நீட்டல் 14. மைனஸ் 2. இறுக்கியிருந்தா பம்ப் போயிருக்கும்.

லேத்காரன் அண்ணை சொன்ன மாதிரி பழைய கன்வேட்டரை மினுக்கி, சீலை 2 மில்லிமீட்டர் வெளிய நிப்பாட்டி பூட்டியாச்சு. போல்ட்டெல்லாம் கையாலயே போச்சு, மூடின பிறகும் கன்வேட்டர் உள்ள லேசாச் சுத்துது, முன்னுக்கு இழுத்தா 3 மில்லிமீட்டர் வருது. நாலு நாளா காருக்குக் கீழ காட்போட் மட்டை விரிச்சு வச்சுப் பாக்கிறன், ஒரு சொட்டும் இல்ல. நேத்து ஒயில் அளவு பாத்து நிரப்பிக்கொண்டு கோயிலுக்கும் ஏத்தினன், அப்பா முன் சீட்டில, ஒண்டும் பேசேல்ல, இறங்கேக்க மட்டும் கதவை மெல்லமாச் சாத்தினார்.

கடைக்காரன் கன்வேட்டரைத் திருப்பி எடுக்கமாட்டானாம். டீசல் ஹைஏஸ் ஓட்டோ வச்சிருக்கிற ஆருக்காவது வேணுமெண்டா சொல்லுங்க, அளந்து பாத்துத்தான் தருவன்.