புதுப்பிப்பு: அந்த ஹெரால்டு பொம்மைக் கார் டிங்கி இல்லை, நிக்கி!

கொழிஞ்சாம்பாறை ஆக்ரிக் கடையில் (பழைய இரும்புக் கடை) கிடைத்த குட்டி ஹெரால்டு காரின் படத்தைப் போட்டு, இது இங்கிலாந்தின் டிங்கி பிராண்ட் பொம்மையா, பெயிண்டை உரித்துப் புதிதாக அடிக்கலாமா என்று கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது.

சோப்புத் தண்ணீரில் பழைய டூத் பிரஷ்ஷை நனைத்து அடித்தகட்டை மெல்லத் தேய்த்தேன். அழுக்கு போனதும் 'நிக்கி டாய்ஸ்' என்ற எழுத்து தெரிந்தது. லிவர்பூல் மெக்கானோ கம்பெனியின் பழைய டிங்கி வார்ப்பு அச்சுகளை வாங்கி, 1960களின் கடைசியில் கல்கத்தாவில் வார்த்த கார்கள் இவை. அதனால்தான் உருவம் அப்படியே டிங்கி, பெயிண்ட் மட்டும் கொஞ்சம் திட்டுத்திட்டாக இருக்கிறது. எனக்கு இதுதான் அசல் டிங்கியை விடப் பிடிக்கிறது. நிஜ ஹெரால்டும் 1961 முதல் நம்ம மெட்ராஸில் தயாரான வண்டிதானே!

பெயிண்டைத் தொடப்போவதில்லை. உடம்பு துத்தநாகக் கலவை, துருப்பிடிக்காது. துரு ஏறியிருப்பது சக்கரங்களைக் கோத்திருக்கும் இரும்புக் கம்பியில்தான். அதற்குப் பஞ்சில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் போதும். கழற்றிப் பார் என்று சிலர் சொன்னீர்கள். அடித்தகடு ரிவெட் அடித்தது, துளை போட்டால்தான் வரும். வேண்டாம்.

கடைக்கார அண்ணனிடம் சொன்னேன். "ஏனுங் தம்பி, ஓடாத வண்டிக்கு இத்தனை விசாரணையா?" என்றார். ஆனாலும் இனி பொம்மைக் கார் வந்தால் சுத்தியல் படாமல் எடுத்து வைப்பாராம்.

முன்பக்க டயர் ஒன்று வெடித்திருக்கிறது. அதே அளவு ரப்பர் டயர் பாலக்காடு, கோவைப் பக்கம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.