குத்துச்சண்டை: 1966 அலி, 1988 டைசன் மோதினால் ஜெயிப்பது யார்?

கேள்வி: 1966 நவம்பரில் கிளீவ்லேண்ட் வில்லியம்ஸை 3 ரவுண்டில் முடித்த முகமது அலி, 1988 ஜூனில் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 நொடியில் சாய்த்த மைக் டைசன். உங்க கணிப்பு?

பதில் 1: எத்தனை ரவுண்டுன்னு முதல்ல சொல்லுங்க. அலி காலத்துப் பட்டப் போட்டி 15, டைசனுக்கு 12. 15 என்றால் யோசிக்கவே வேண்டாம், அலிதான். உயரம் 6 அடி 3 அங்குலம், ரீச் (கை விரித்தால் வரும் நீளம்) 78 அங்குலம். டைசன் 5 அடி 10, ரீச் 71. டைசன் உள்ளே நுழையும் ஒவ்வொரு தடவையும் ஜேப் (முன்கையால் விடும் நேர்க்குத்து) வாங்கணும்.

பதில் 2: ரீச்சை மட்டும் வச்சுக் கணக்குப் போடாதீங்க. அலி கையைத் தாழ்த்தி, தலையை நேரே பின்னால் இழுத்துத் தப்பிப்பார். இடது ஹூக்குக்கு (பக்கவாட்டில் வளைத்து வீசும் குத்து) அது திறந்த வாசல். 1963இல் ஹென்றி கூப்பர், 1971இல் ஜோ ஃபிரேசியர், இரண்டு பேரும் அதே குத்தில்தான் அலியைக் கீழே வீழ்த்தினாங்க. டைசன் முதலில் விலாவைத் தாக்கி அலியின் காலை மந்தமாக்கணும். 4 ரவுண்டுக்குள் நடக்கலேன்னா கஷ்டம்.

பதில் 3: இரண்டிலும் அலி எழுந்துவிட்டாரே! டைசனுக்குச் சிக்கல் கிளிஞ்ச், அதாவது குத்த விடாமல் கட்டிப் பிடிப்பது. 1987இல் போன்கிரஷர் ஸ்மித் டைசனைக் கட்டிப் பிடித்தே 12 ரவுண்டும் ஓட்டினார் (பார்க்கச் சகிக்காது). அலி பின்கழுத்தைப் பிடித்துக் கீழே அழுத்துவார். நடுவர் கண்டுக்காவிட்டால் டைசனின் அப்பர்கட்டுக்கு (கீழிருந்து மேலே வீசும் குத்து) இடமே இல்லை. அலி, 10ஆம் ரவுண்டுக்கு மேல்.

பதில் 2: கூப்பர் போட்டியில் எழுந்ததும் ரவுண்டு முடியும் மணி அடித்தது, அதையும் சேர்த்துக்குங்க. நடுவர் கறார் என்றால் நான் டைசன் பக்கம்தான்.