நோவா ஸ்கோசியா மிக்மாக் மனுக்கள்: உரிமைக் குரலா, வீண் வேலையா?

கீற்று:
நோவா ஸ்கோசியா இன்றைய கனடாவின் கிழக்கே, அப்போது பிரிட்டிஷ் காலனி. அங்குள்ள பழங்குடி மக்கள் மிக்மாக். 1841 ஜனவரியில் அவர்கள் தலைவர் பெமினவீட் விக்டோரியா அரசிக்கு அனுப்பிய மனு லண்டன் போய்ச் சேர்ந்தது. வேட்டைக் காடு பறிபோயிற்று, பீவர் இல்லை, நீர்நாய் இல்லை, ஜனங்கள் வறுமையில் கிடக்கிறார்கள் என்று முறையிட்டார். இதைச் சிலர் பெரிய வெற்றியாகச் சொல்வதை ஏற்க முடியவில்லை. அதற்குப் பிறகும் நிலம் போய்க்கொண்டேதான் இருந்தது.

துடுப்பு:
அவசரத் தீர்ப்பு. காலனி அரசின் தலைநகர் ஹாலிஃபாக்ஸைத் தாண்டி நேரே அரசிக்கு எழுதியதுதான் அதன் பலம். லண்டனில் காலனிச் செயலராக இருந்த ஜான் ரஸ்ஸல் பிரபு, நோவா ஸ்கோசியாவின் துணை ஆளுநர் ஃபாக்லந்திடம் விவரம் கேட்டார். 1842இல் சட்டம் வந்தது. மிக்மாக்குகளுக்கு ஒதுக்கிய நிலங்களைக் கவனிக்க ஓர் ஆணையர், குடியேறிகளின் ஆக்கிரமிப்பைத் தடுக்க அவருக்கு அதிகாரம், ஆண்டுக்கு 300 பவுண்டு. முதல் ஆணையர் ஜோசப் ஹோ. அந்தக் காலத்தில் எத்தனை மனுக்களுக்கு இப்படிச் சட்டம் பிறந்தது?

கீற்று:
300 பவுண்டு, மாகாணம் முழுவதற்கும்! விதை, கருவி, கம்பளி, வைத்தியர் பில் எல்லாம் அதற்குள். ஹோ 1843லேயே விலகிவிட்டார். அடுத்து உருளைக்கிழங்கு அழுகல் நோய், 1845 தொடங்கிச் சில வருடம். வேட்டையை விட்டு உழுது பிழையுங்கள் என்று உபதேசம் செய்தார்கள். உழுதவனுக்குக் கிழங்கு மண்ணிலேயே அழுகிற்று. விதைக்கிழங்கையும் தின்றுவிட்ட குடும்பம் வசந்தத்தில் எதை நடும்?

ஓதம்:
இருவருமே 1752ஐ மறந்துவிட்டீர்கள். மிக்மாக் தலைவர் கோப் பிரிட்டிஷ் அரசோடு அந்த ஆண்டில் போட்ட ஒப்பந்தத்தில், ரொட்டி, மாவு முதலான உணவுப்பொருளை அரைவருடத்துக்கு ஒருமுறை கொடுப்பதாக அரசே ஒத்துக்கொண்டது. ஆண்டுதோறும் அக்டோபர் 1 அன்று கம்பளி, புகையிலை, வெடிமருந்து, குண்டு. ஆக, கம்பளி கேட்டது பிச்சை இல்லை, பாக்கி வசூல். 1985 சைமன் வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம் அந்த ஒப்பந்தத்தின் வேட்டை உரிமை இன்னும் உயிரோடிருப்பதாகச் சொன்னது.

கீற்று:
1928 சிலிபாய் வழக்கில் அதே ஒப்பந்தம் செல்லாது என்று நீதிமன்றம் தூக்கிப் போட்டதே! நடுவில் எத்தனை தலைமுறை? அரசு கொடுத்தது கருணை என்று எழுதிக்கொண்டால், அடுத்த வருடம் கருணையை நிறுத்தலாம். மனு என்ற வடிவத்திலேயே அந்த ஓட்டை இருக்கிறது.

துடுப்பு:
வழக்குப் போட்டிருந்தால் மட்டும்? நோவா ஸ்கோசியாவைச் சேர்ந்த கேப் பிரெட்டன் தீவின் அதிகாரி கிராலி 1849இல் எழுதியதைப் பாருங்கள்: ஆக்கிரமித்தவர்களுக்கு எதிராக அந்தத் தீவில் எந்த ஜூரியும் தீர்ப்புத் தராது என்கிறார். ஜூரியில் உட்கார்பவர்கள் ஆக்கிரமித்தவனின் அண்டை வீட்டுக்காரர்கள். அப்புறம் மனுவை விட்டால் வேறென்ன வழி?

ஓதம்:
அங்கேதான் முடிச்சு. லண்டன் கேள்வி கேட்கும், அவ்வளவுதான். பணமும் சட்டமும் ஹாலிஃபாக்ஸ் பேரவையின் கையில். அந்த உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பவர்கள் குடியேறிகள். 1859 சட்டம் என்ன செய்தது? ஆக்கிரமித்தவனே அந்த நிலத்தை விலைக்கு வாங்கலாம், பணம் மிக்மாக் நிவாரண நிதிக்குப் போகும் என்றது. முழுத் தொகையும் கட்டியவர்கள் கொஞ்சம் பேர்தான்.

கீற்று:
பாருங்கள், நான் சொன்னது அதைத்தானே.

துடுப்பு:
இல்லை. சட்டம் எழுதியவர்கள் செய்ததை மனு எழுதியவர்கள் கணக்கில் ஏற்றுகிறீர்கள். பணப்பை எங்கே என்பது அவர்களுக்கும் தெரிந்தே இருந்தது. 1849இல் தலைவர்கள் பலர் சேர்ந்து ஹாலிஃபாக்ஸிலேயே மனுக் கொடுத்தார்கள். பண்ணை வைக்க முடிவு செய்துவிட்டோம், உதவி இல்லாமல் முடியாது என்று கேட்டார்கள்.