'குவைட் குட்' என்றால் பாராட்டா, சுமாரா?

நண்பர்களே, ஒரு சின்ன ஆங்கிலச் சொல்லில் நான்கு நாளாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன். சென்னையிலிருந்து லண்டன் நிறுவனம் ஒன்றுக்குப் பயனர் கையேடு எழுதுகிறேன். 64 பக்கம், இரண்டு மாத உழைப்பு. வரைவைப் படித்த மேலாளர் போன வியாழக்கிழமை ஒரே வரியில் பதில் போட்டார்: "தி டிராஃப்ட் இஸ் குவைட் குட்." வேறு திருத்தம் எதுவும் இல்லை. அவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கிலாந்து.

அகராதியில் 'குவைட்' (quite) என்பதற்கு 'ஓரளவு' என்றும் இருக்கிறது, 'முழுக்க' என்றும் இருக்கிறது. மொழிபெயர்ப்புச் செயலி 'மிகவும் நன்று' என்கிறது. நியூ ஜெர்சியில் இருக்கும் அண்ணன், "நல்லாத்தானே சொல்லியிருக்காரு, விடு" என்கிறார். அமெரிக்கர்கள் பெரும்பாலும் 'ரொம்ப' என்ற பொருளில்தான் சொல்வார்களாம். ஆனால் பிரிட்டிஷ் இலக்கணப் புத்தகத்தில் வேறு மாதிரி போட்டிருக்கிறது. இம்பாசிபிள், பெர்ஃபெக்ட் மாதிரி கூட்டிக் குறைக்க முடியாத சொல்லுக்கு முன்னால் வந்தால் 'முற்றிலும்'. குட், நைஸ் மாதிரி சொல்லுக்கு முன்னால் வந்தால் பெரும்பாலும் 'பரவாயில்லை' அளவுதான். பேச்சில் எந்தச் சொல்லை அழுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தும் மாறுமாம். மின்னஞ்சலில் அது தெரிய வழியில்லை. அப்புறம், 'குவைட் எ ஃபியூ' என்றால் கொஞ்சம் அல்ல, நிறைய என்பதே இப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை இறுதி வடிவம் கொடுக்க வேண்டும். அவரிடமே கேட்கலாம் என்றால், அதுவரை விடுப்பில் இருக்கிறார்.

இங்கிலாந்தில் வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்: அங்குள்ளவர் எழுத்தில் 'குவைட் குட்' என்று மட்டும் சொன்னால் வரைவை அப்படியே கொடுக்கலாமா, இல்லை இன்னும் சரிசெய்யச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டுமா?