சீனிக்கிழங்கில் கூன்வண்டு: பொங்கல் விலைக்காக மண்ணில் விட்டுவைக்க வேண்டாம்

எங்க பக்கம் சீனிக்கிழங்குக்கு (சர்க்கரைவள்ளிக் கிழங்கு) பொங்கல் நேரத்தில்தான் நல்ல விலை. அதனால் ஆவணியில் நட்டு, மார்கழி தொடக்கத்திலேயே முற்றிவிட்ட கிழங்கைக்கூட தோண்டாமல் போட்டு வைக்கிறார்கள். கூன்வண்டு பெருகுவது அந்த நாட்களில்தான். பக்கத்து வயலில் அப்படி விட்டிருந்த கிழங்கைத் தோண்டும்போது நானும் கூட நின்றேன். தோலில் ஊசி குத்தின மாதிரி புள்ளிகள். வெட்டினால் உள்ளே கறுப்புச் சுரங்கம், வெள்ளைப் புழு, காட்டமான நாற்றம். புழு குடையும்போது கிழங்கே ஒரு கசப்புப் பொருளைச் சுரக்கும், வேகவைத்தாலும் அது போகாது. அத்தனை உழைப்பும் வரப்போரம் குவிந்து கிடந்ததைப் பார்க்க வயிறு எரிந்தது.

வண்டு எறும்பு மாதிரி சின்னதாக இருக்கும். கருநீல உடம்பு, நடுவில் செம்மஞ்சள், நீண்ட மூக்கு. தொட்டால் செத்தது போல் கிடக்கும். இந்த வண்டால் மண்ணைத் தோண்ட முடியாது, வெடிப்பு வழியாகத்தான் கிழங்கை எட்டும். ஐப்பசி, கார்த்திகை மழை நின்று வெயில் அடிக்கும்போது, உள்ளே கிழங்கும் பருத்து, கொடி நட்ட மண்மேடான பார் பிளக்கும். கவனம் வேண்டியது அப்போதுதான். நட்ட 30ஆம் நாளும் 60ஆம் நாளும் மண் அணைக்கிறேன். பிறகும் வெடிப்பு தெரிந்தால் மண்வெட்டியால் மூடி, தண்ணீர் விடுகிறேன். புழு கிழங்குக்குள் போனபின் மேலே மருந்தடிப்பது வீண்செலவு.

நடுவதற்கு நுனிக்கொடிதான் எடுப்பேன். முற்றின அடிக்கொடிக்குள் முட்டையும் புழுவும் இருக்கும், காசு கொடுத்து வண்டை வாங்கி நட்ட கதையாகிவிடும்.

—

அண்ணாச்சி, நாங்க குமரி மாவட்டம். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்துல இருக்குற கிழங்கு ஆராய்ச்சி நிலையம் சொல்லுற இனக்கவர்ச்சிப் பொறிய, அதான் பொட்டை வண்டு வாசனைய வச்சு இழுக்குற பொறிய, வச்சோம். காலையில பாத்தா சோப்புத் தண்ணி முழுக்க வண்டு. அதை மட்டும் நம்பலாமா?

—

நம்பாதீங்க தங்கச்சி. அதில் விழுவது ஆண் வண்டு மட்டும்தான். பொட்டை வண்டு கொடியிலேயே இருந்து முட்டை வைக்கும். பொறியும் இருக்கட்டும், மண்ணும் அணையுங்க. வேலியோரக் காட்டுக் கொடிகளில் சீனிக்கிழங்குக் கொடி மாதிரி ஊதாப் பூ பூப்பதைப் பிடுங்கிடுங்க, வண்டு அதிலயும் தங்கும். தோண்டினபின் சொத்தைக் கிழங்கை வயலில் விடாதீங்க. தண்ணி வசதி இருந்தா அடுத்து நெல் போடுங்க, தேங்கின தண்ணியில் மிச்சப் புழு தப்பாது.

பொங்கல் விலை வேணும்னா புரட்டாசி பாதியில் நடுங்க. சுமார் 105 நாளில் முற்றும் ரகம்னா தை பிறக்கும்போது சரியாத் தோண்டலாம்.